கேபிள் இழுக்கக் கல்வி வேண்டுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவர் ஒருவர்)

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை, குருபரப்பள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் எங்கள் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சட்டை முழுவதும் சிமெண்டுத் தூசி. தோளில் வேலைபோக மிஞ்சிய நீலநிறக் கேபிள் சுருள். "காலேஜு படிக்கிறான்னு உங்கப்பன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான், நீ ஒயர் இழுத்துக்கிட்டுத் திரியறியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பேருந்து வந்தது, ஏறிக்கொண்டேன். அன்று சொல்லாத பதிலைத்தான் இந்த ஆண்டு மலரில் எழுத முற்படுகிறேன்.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு ஒரு சொல். கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவே, பெங்களூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருப்பது குருபரப்பள்ளி. ஒருபுறம் மாந்தோப்பும் கேழ்வரகுக் கொல்லையும். மறுபுறம் இரவு பகல் ஓயாத லாரிகள். 1971-ல் சிப்காட் நிறுவனம் தோன்றியதையும், ஓசூரில் அதன் தொழிற்பேட்டை அமைந்ததையும், அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் அவ்வட்டாரத்துக்கு வந்த கதையையும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சலிக்காமல் சொல்வார்கள். அந்தத் தொழில் அலை நெடுஞ்சாலை வழியே மெல்ல இறங்கி இன்று எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. குருபரப்பள்ளியிலும் சிப்காட் வளாகம். அதில் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் போன்ற ஆலைகள். என் தந்தை மாந்தோப்புக் காவல்காரர். தாயார் களையெடுக்கப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே நான் நாற்காலியில் உட்காரப் பிறந்தவன் என்று வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. எந்த நாற்காலி என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

ஒரு தொழிற்சாலை எழும்பும்போது தூண் நிறுத்துவதை ஊரே பார்க்கும். கூரை போடுவதைப் பார்க்கும். பெரிய இயந்திரம் லாரியில் வந்திறங்குவதைப் பார்க்கும். கடைசியில், வண்ணப்பூச்சுக்காரர்களோடு இடித்துக்கொண்டு ஏணிமேல் நின்று கேபிள் இழுக்கும் ஐந்தாறு பேரை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் வருகைப் பதிவுக் கருவியும், கண்காணிப்புக் காமிராவும், எடைமேடையும், அலுவலகக் கணிப்பொறியும், இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஒன்றோடொன்று பேசுவது அந்தக் கேபிள் வழியாகத்தான். "எல்லாம் வைஃபை ஆகிவிட்டதே, இன்னும் கேபிள் எதற்கு?" என்று கேட்பவர்கள், அந்த வைஃபை பெட்டியின் பின்பக்கத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கட்டும். அங்கேயும் ஒரு கேபிள் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்த வேலையை எங்கள் பகுதியில் செய்கிறவர்கள் யார்? பத்தாவதோடு நின்றவர்கள், பன்னிரண்டாவதில் ஒரு பாடம் தவறியவர்கள். என் பெரியம்மா மகன், அண்ணன், அவர்களில் ஒருவர். ஆறு ஆண்டுகளாகக் கேபிள் இழுக்கிறார். அவருக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் என்று எவரும் இல்லை. ஏணி பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தார். குழாய்க்குள் கம்பியை விட்டு இழுக்கச் சொன்னார்கள், இழுத்தார். மேஸ்திரி ஒருநாள் வராதபோது முனை அடிக்கச் சொன்னார்கள், அடித்தார். எல்லைப்புற வாழ்க்கையின் பயனாக 'இழு' என்பதைத் தமிழில் ஒரு தடவையும், 'எளி' என்று கன்னடத்தில் ஒரு தடவையும், 'லாகு' என்று தெலுங்கில் ஒரு தடவையும் கத்தத் தெரிந்தவர். அந்த மூன்று மொழிகளில் எதிலும் அவருக்கு ஏன் என்று யாரும் விளக்கியதில்லை.

நான் அவரோடு சென்ற விடுமுறையில் 34 நாட்கள் உதவியாளாக வேலைக்குப் போனேன். என் கூலி நாளொன்றுக்கு 550 ரூபாய். கல்லூரிக் கட்டணத்துக்கும் பேருந்துக்கும் அது உதவிற்று. ஆனால் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் என் முட்டாள்தனத்தால் வந்தது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கேபிளின் உள்ளே எட்டுக் கம்பிகள் உண்டு. இரண்டிரண்டாக முறுக்கி நான்கு இணைகள். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு நிறம்; ஒவ்வொன்றுக்கும் அதே நிறக் கோடிட்ட வெள்ளை ஒன்று துணை. இவற்றை ஆர்.ஜே. 45 என்னும் சிறு பிளாஸ்டிக் முனையில் ஒரு வரிசையாகச் செருகி, கிரிம்பரால் அழுத்த வேண்டும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. அண்ணன் இதைப் பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒப்பிப்பார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பச்சையும் வெள்ளைப் பச்சையும் ஒரே முறுக்கில் பிறந்தவை. அவற்றைப் பிரித்து நடுவே நீலத்தை ஏன் நுழைக்க வேண்டும்? மின்சாரத்துக்கு நிறம் தெரியுமா? இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதாதா? நான் பி.எஸ்ஸி. இயற்பியல் அல்லவா! அண்ணன் வேறு தளத்தில் இருந்த ஒருநாள், 22 காமிராக் கேபிள்களுக்கு நானே முனை அடித்தேன். பச்சைக்குப் பக்கத்தில் பச்சை, நீலத்துக்குப் பக்கத்தில் நீலம். பார்க்க அவ்வளவு அழகு. கையிலிருந்த சிறு டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காமிராக்களைப் பூட்டினார்கள். அருகிலிருந்தவை ஓடின. தொலைவில் இருந்தவை விட்டுவிட்டு வந்தன, சில வரவேயில்லை. பெங்களூரிலிருந்து பெரிய மீட்டரோடு ஒருவர் வந்தார். அவர் கேபிளைச் செருகியதும் திரையில் சிவப்பு எழுத்தில் 'நெக்ஸ்ட் ஃபெயில்' என்று வந்தது. அடுத்ததும் அப்படியே. 22-ம் வெட்டி, 44 முனையும் மீண்டும் அடித்தோம். என் கூலியில் இரண்டு நாள் பிடித்தார்கள். அண்ணனுக்கும் ஒருநாள் போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. "வரிசை வரிசைதாண்டா தம்பி, அதுல கேள்வி கேக்கக்கூடாது" என்றார், அவ்வளவுதான்.

ஆனால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். அன்றிரவு என் முதலாண்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். ஃபாரடே 1831-ல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் அங்கே இருக்கிறது; நான் அதில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஒரு கம்பியில் மாறும் மின்னோட்டம் ஓடினால் அருகிலுள்ள கம்பியிலும் அது ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டும். இணையின் இரு கம்பிகளை முறுக்கிவிட்டால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டின்மேலும் ஏறத்தாழ ஒரே அளவாக விழும். வாங்கும் கருவி இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துபோகிறது. தொலைபேசிக்காக இந்த முறுக்கு இணைக்கு கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை பெற்றிருக்கிறார். கருவியோ ஒன்றையும் இரண்டையும் ஓர் இணையாகவும், மூன்றையும் ஆறையும் ஓர் இணையாகவும் எண்ணிக்கொண்டு வேலை செய்கிறது. அதனால்தான் பச்சை இணை நடுவே நீலத்துக்கு இடம்விட்டு மூன்றிலும் ஆறிலும் உட்காருகிறது. நான் அடுக்கிய 'அழகான' வரிசையில் மூன்றாவது கம்பி பச்சை முறுக்கிலிருந்தும், ஆறாவது நீல முறுக்கிலிருந்தும் வந்தன. முறுக்கே பயனற்றுப் போயிற்று. ஓர் இணையின் பேச்சு மற்றோர் இணையின் காதில் விழுந்தது. சிறு டெஸ்டர் கம்பி அறுந்ததா, இடம் மாறியதா என்று மட்டுமே பார்க்கும். அதற்கு முறுக்கு தெரியாது.

மறுநாள் இதை அண்ணனிடம் சொன்னேன். அந்த 'நெக்ஸ்ட்' என்பது 'அருகு முனைக் குறுக்குப்பேச்சு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் என்றும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்தார். ஆறு ஆண்டுகளாக அந்தச் சொல்லை மீட்டரில் பார்த்திருக்கிறாராம். 'இது போச்சு, அடுத்ததைப் பார்' என்று மீட்டர் சொல்வதாகவே நினைத்திருந்தாராம்! நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு ஆண்டுகள்! அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். மெய்தான், நானே சான்று. ஆனால் கையறிவு மட்டும் இருப்பவன் எவ்வளவு உழைத்தாலும் கூலியாளாகவே நிறுத்தப்படுகிறான் என்பதற்கு அண்ணன் சான்று. மீட்டர் பிடிப்பவர் வேறு, ஏணி பிடிப்பவர் வேறு என்று தொழில் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. மீட்டர் பிடிப்பவர் காரில் வருகிறார். ஏணி பிடிப்பவர் மினி லாரியின் பின்னால் நின்றுகொண்டு வருகிறார். இந்தப் பிளவை மூடுவதற்குப் பெயர்தான் பயிற்சி என்பது என் கருத்து. வெறும் சான்றிதழ் அல்ல.

அப்படி என்ன பெரிய கல்வி இதில் இருக்கிறது என்று கேட்பீர்கள். சுவருக்குள் நிலையாகப் போகும் கேபிள் 90 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. இருபுறத்து இணைப்புத் துண்டுகளையும் சேர்த்து 100 மீட்டர்தான் எல்லை. முனையில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக்கூடாது. கேபிளின் குறுக்களவைப் போல் நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக்கூடாது. இழுக்கும் விசை 110 நியூட்டனைத் தாண்டக்கூடாது. அதாவது சுமார் 11 கிலோ எடை தொங்கும் விசை. குழாயில் சிக்கிய கேபிளை மூன்று பேர் சேர்ந்து காலை உதைத்துக்கொண்டு இழுக்கும்போது என்ன விசை வரும் என்று நினைத்துப் பாருங்கள்! கேபிள் அறுவதில்லை, உள்ளே முறுக்கு நீண்டு குலைகிறது. குற்றம் வெளியே தெரியாது. மின்சாரக் கேபிளோடு ஒரே தட்டில் நெருக்கிப் போடக்கூடாது. பிளாஸ்டிக் கட்டுகளைக் கழுத்தை நெரிப்பதுபோல் இறுக்கக்கூடாது. செப்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியைச் செப்பென்று விற்பவர்கள் உண்டு. கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். இவற்றில் எதைக் கற்கவும் மாளிகை வேண்டாம். ஒரு மேசை, ஒரு பெட்டிக் கேபிள், காரணம் சொல்ல ஒருவர், இவை போதும்.

கண்ணாடி இழைக்கு வந்தால் கதை இன்னும் சுவையானது. நாம் முழு அக எதிரொளிப்பைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்போம்! நம் நாட்டில் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது. 1966-ல் சார்லஸ் காவோ, கண்ணாடியைத் தூய்மையாக்கி ஒளியிழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கீழே கொண்டுவந்தால் செய்தி அனுப்பலாம் என்று காட்டினார். 20 டெசிபல் என்றால் 100 பங்கு ஒளியில் ஒரு பங்குதான் மிஞ்சும். 1970-ல் கார்னிங் நிறுவனத்தார் அதைச் செய்து காட்டினர். காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் இழப்பு 0.2 டெசிபல் அளவே. ஒரு கிலோமீட்டர் போன பின்னும் 100-ல் 95 பங்கு மிஞ்சுகிறது. மடக்கை அட்டவணையைத் தேர்வுக்காக மட்டும் புரட்டிய எனக்கு, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

அந்த இழையின் கண்ணாடி 125 மைக்ரான் பருமன். ஒளி செல்லும் உள்மையம் வெறும் 9 மைக்ரான். இரண்டு துண்டுகளை மின்பொறியில் உருக்கி ஒட்டும் ஸ்பிளைசிங் இயந்திரம் தானாகவே நேர்செய்து கொள்ளும். ஆனால் முனையைச் செங்குத்தாக வெட்டுவதும், தூசியில்லாமல் துடைப்பதும் கையின் வேலை. வெட்டி விழும் கண்ணாடித் துணுக்கைத் தரையில் விடக்கூடாது. தோலுக்குள் ஏறினால் கண்டுபிடிப்பது அரிது. இழை முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து 'வெளிச்சம் வருதா' என்று பார்க்கவே கூடாது. அதில் ஓடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையன் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவேளை, மறுமுனையில் எதுவும் செருகப்படவில்லை.

இது ஆலைகளோடு நிற்கும் செய்தியும் அல்ல. 2011-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்து, பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்ற திட்டத்தில், தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழையைக் கொண்டுசெல்லும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்தாலும், ஒருநாள் மரக்கிளை விழும், உயரமான வைக்கோல் லாரி உரசும், ஜே.சி.பி. தோண்டும். அறுந்ததை ஒட்டுவதற்கு நகரத்திலிருந்து ஆள் வரும்வரை பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் வந்த மக்கள் திண்ணையில் காத்திருக்க வேண்டுமா? அந்த ஊரிலேயே ஒருவருக்கு ஒட்டத் தெரிந்திருந்தால் என்ன?

பயிற்சிக்கு வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓசூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எலக்ட்ரீசியன், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவுகளில் இரண்டாண்டுப் படிப்பு உண்டு. தொலைத்தொடர்புத் துறைத் திறன் குழுமம் கண்ணாடி இழை ஒட்டுநர் வேலைக்கென்றே தனிப் பாடத்திட்டம் வகுத்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தை 2014-ல் திருத்தியபோது, பொறியியல் படிக்காத பட்டதாரிகளும் உதவித்தொகையோடு பழகுநராகச் சேர வாயில் திறந்தது. நம் வகுப்பில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே மூன்று மாதத்துக்கு முன்தான் தெரிந்தது. ஆனால் அண்ணனைப் போன்றவர் இரண்டாண்டு வேலையை விட்டுவிட்டு ஐ.டி.ஐ.யில் உட்கார முடியாது; வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஏற்கெனவே கற்றதைச் சோதித்துச் சான்று தரும் முன்கற்றல் அங்கீகாரம் என்னும் ஏற்பாடு, 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் திறன் வளர்ச்சித் திட்டத்தில் ஒரு பகுதியாக வந்தது. அது அண்ணனுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஆயினும் சில நாள் வகுப்பும் ஒரு தேர்வும் ஓர் அட்டையும் என்று முடிந்துவிட்டால் பயனில்லை. அட்டை கிடைத்த பிறகும் அவர் 'நெக்ஸ்ட்' என்பதை 'அடுத்தது' என்றே படித்துக்கொண்டிருந்தால் அந்த அட்டை யாருக்கு?

இங்கேதான் நம் கல்லூரியை நான் இழுக்கிறேன். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். நம் ஆய்வகத்தில் ஒளிக்கதிர் வளைவதை முப்பட்டகத்தில் பார்க்கிறோம். ஒரு முழம் கண்ணாடி இழையை நான் இங்கே தொட்டதில்லை. 2022 மார்ச் முதல் நாள் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தால் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் திறன் வகுப்புகள் வந்திருப்பது நல்லதே. ஆனால் நாம் திரையின்முன் உட்கார்ந்து கற்பதையே திறன் என்று எண்ணப் பழகிவிட்டோம். கையில் கீறல் விழும் திறனை யாரும் கேட்பதில்லை. மாணவர்களாகிய நாமும் கேட்பதில்லை! ஏன்? அந்தப் பேருந்து நிறுத்தத்துப் பெரியவர் நம் எல்லோருக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறார்.

சொல்லிக் கொடுக்க ஆள் எங்கே என்று கேட்டால், அதற்கும் விடை உண்டு. 2020 ஜனவரி 31 அன்று நாடெங்கும் ஏறத்தாழ 78,000 பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினர். அவர்களுள் கேபிள் இணைப்பவர்களும் லைன்மேன்களும் இருந்தார்கள். நூற்றுக்கணக்கான இணைகள் கொண்ட தொலைபேசிக் கேபிளைக் குழிக்குள் உட்கார்ந்து மழையில் இணைத்த அனுபவம், இன்று நம் ஊர்களில் திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறது. ஒரு தேநீருக்கு அழைத்தாலே வந்து சொல்லிக் கொடுப்பார்கள்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓசூர் வட்டாரத்து மின்னணு ஆலைகளில் நுண்ணிய வேலைகளில் பெண்கள் திரளாக இருக்கிறார்கள். ஆனால் 34 நாட்களில் கேபிள் கூட்டத்தில் ஒரு பெண்ணைக்கூட நான் காணவில்லை. இழை ஒட்டுவது மேசைமேல் உட்கார்ந்து செய்யும் நுண்வேலை. என்ன தடை என்று எனக்குப் புலப்படவில்லை.

பாதுகாப்பைச் சொல்லாமல் விட்டால் என் கை நடுங்கும். ஒருநாள் மூன்று மாடி உயரத்துக் கூரையடியில், இடுப்பு வார் இல்லாமல் அண்ணன் ஒரு கையால் இரும்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கேபிளை எறிந்தார். வார் கேட்டால் "நாளைக்கு வரும்" என்றார்கள். அந்த நாளை நான் இருந்தவரை வரவில்லை. உயரத்தில் ஏறுபவர் வார் இல்லாமல் ஏற மறுப்பதும், மின் இணைப்பு நிறுத்தப்பட்டதை எழுத்தில் பெறாமல் தட்டில் கை வைக்க மறுப்பதும் பயிற்சியின் முதல் பாடமாக வேண்டும். மறுத்தால் வேலை போகும் என்ற அச்சம் இருக்கிறது. சான்று பெற்ற தொழிலாளி மறுப்பதற்கும், பெயரில்லாத உதவியாள் மறுப்பதற்கும் எடை வேறு என்பதாலும்தான் நான் இந்தப் பயிற்சியைக் கேட்கிறேன்.

பட்டம் முடித்ததும் நான் கேபிள் வேலைக்கே போவேனா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தேர்வாணையத் தேர்வும் எழுதுவேன், மறைக்கவில்லை. ஆனால் மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொள்ளாமல் விடுவதாக இல்லை. அம்மாவுக்கு இதில் இன்னும் வருத்தம்தான்.

துறைப் பேராசிரியரிடம் இவை எல்லாவற்றையும் சொன்னேன். விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபின் வரும் முதல் சனிக்கிழமை பிற்பகல் ஆய்வகத்தைத் திறந்துவைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அண்ணன் அரை மூட்டைத் துண்டுக் கேபிளும் தம் கிரிம்பரும் கொண்டு வருகிறார். கிரிம்பர் ஒன்றுதான், வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். விருப்பமுள்ளவர்கள் ஒரு வெட்டுக் குறடு கொண்டு வந்தால் நலம். அழைத்தபோது அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "காலேஜுக்குள்ள என்னைய உடுவாங்களாடா?" வாயிற்காவலரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.